முதுகெலும்புத் தேய்மானத்துக்கு மெத்தை, பெல்ட், மாத்திரை: வாங்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. இடுப்புவலிக்காக எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்புத் தேய்மானம் என்று வந்திருக்கிறது. ஒரு கண்காட்சியில் 'ஆர்த்தோ' மெத்தை, இடுப்பு பெல்ட், தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் என்று கூறப்படும் குளுக்கோசமைன் மாத்திரை ஆகிய மூன்றையும் சேர்த்து 46,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். இன்றே முன்பணம் கட்டினால்தான் தள்ளுபடியாம். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கட்ட வேண்டாம். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வயதாக ஆக நீர் வற்றி உயரம் குறைவதும், பின்புறச் சிறுமூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து ஓரங்களில் எலும்பு முளைப்பதும் அறுபதைக் கடந்த பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் தெரியக்கூடியவை. அவர்களில் பலருக்கு வலியே இருப்பதில்லை. ஆகவே படத்தைக் காட்டி அச்சமூட்டி விற்கப்படும் எதையும் சந்தேகத்துடன் பார்ப்பதே நல்லது.

மூன்றில் மாத்திரையை முதலில் விலக்கிவிடலாம். இடுப்பு முதுகெலும்புத் தேய்மானத்துடன் நாள்பட்ட வலியுள்ள 250 பேரிடம் நார்வேயில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் தினமும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன் உட்கொண்டவர்களுக்கும் மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் பலனில் வேறுபாடு காணப்படவில்லை. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றில்லை. அம்மா வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவராயின் குளுக்கோசமைன் தீங்காகவும் முடியலாம்.

பெல்ட்டும் அவ்வளவுதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புவலிக்கு பெல்ட் தர வேண்டாம் என்றே சொல்கிறது. மெத்தை மட்டும் சற்று வேறு விஷயம். பழைய மெத்தை குழிவிழுந்திருந்தால் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் பலகைபோல் இறுகியது வேண்டாம். 2003இல் வெளியான ஸ்பானிய ஆய்வில் கடினமானதைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே மேலான பலன் தந்தது. 'ஆர்த்தோ' என்பது விற்பவர் ஒட்டும் பெயர், மருத்துவச் சான்றன்று.

உண்மையில் பணம் செலவிட வேண்டிய இடம் பிசியோதெரபிஸ்ட்டிடம்தான். வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் சில அமர்வுகளில் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதும், நாள்தோறும் நடப்பதும், எடை கூடுதலாயிருந்தால் குறைப்பதும் உதவும். வலிநிவாரணிகளை மருத்துவர் சொன்ன அளவிலும் காலத்திலும் மட்டும் எடுக்கட்டும். வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கால் பலவீனமடைந்தாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் என்ன செய்வது?

பதில்: ரசீதையும், 'குருத்தெலும்பு வளரும்' என்று அச்சிட்ட துண்டறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். விற்பவருக்கு எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதன் பிறகும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது.