பண்பாட்டைப் பிறகு பார்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். மாசியில் தோட்டங்களில் காமன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றியும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம் மலையகத் தமிழரின் அடையாளத்தைப் பற்றியும் நீங்கள் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கிடைக்காத மக்களுக்குக் கூத்து எதற்கு? மனித உரிமைகளை முதலில் கேட்போம், பண்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் எண்ணம். பல இனங்கள் சேர்ந்து வாழும் நாட்டில் தனி அடையாளத்தை வற்புறுத்துவது நம்மை இன்னும் ஒதுக்கிவிடாதா?

— ஒரு வாசகி, கொழும்பு

அன்புள்ள தங்கைக்கு,

காணிக்கும் சம்பளத்துக்கும் நீங்கள் தரும் முதன்மையை நானும் ஏற்கிறேன். ஆனால் பண்பாட்டை அவற்றிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தி வைக்கலாம் என்பதை ஏற்க முடியவில்லை. நம் மக்களின் வரலாற்றில் இவை ஒருபோதும் பிரிந்து நின்றதில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் மக்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. அவர்களையும் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இம்மக்கள் தங்கள் உழைப்பால் மட்டும் அறியப்பட்டிருந்தால் இது எதுவும் நேர்ந்திருக்காது. யாருடைய வழிவந்தவர்கள் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றமாயிற்று. அடையாளத்தின் பேரால் பறிக்கப்பட்ட உரிமையை, அந்த அடையாளத்தைப் பேசாமல் எப்படித் திருப்பிக் கேட்பது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையை ஒருமுறை படித்துப் பாருங்கள். தன் சொந்தப் பண்பாட்டைத் துய்க்கவும் வளர்க்கவும், தன் சொந்த மொழியைப் பயன்படுத்தவும் ஒவ்வொரு பிரஜைக்கும் அது சுதந்திரம் அளிக்கிறது. எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் இங்கே சட்டபூர்வமாக நிரந்தரமாக வசித்தவர்களுக்கோ அதே சுதந்திரத்தை அது பத்தே ஆண்டுகளுக்குத்தான் தந்தது. கொழுந்து பறித்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த ஒரு நாடற்ற பெண், தன் தோட்டத்தில் மாசி மாதம் கூத்தின் தொடக்கமாகக் காமன் கம்பம் ஊன்றுவதைப் பார்க்கும் உரிமைக்கும் சட்டத்தில் தவணை குறிக்கப்பட்டிருந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய பின்னரே அந்த நிலை மாறியது. பண்பாட்டுரிமை பிரஜாவுரிமையைத் தொற்றிக்கொண்டே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மொழியுரிமையும் அப்படித்தான். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் ஊழியர் சேமலாப நிதியைப் பெறப்போகும்போது, பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, தோட்டப் பதிவேட்டில் மாரியம்மாள் என்று மூன்று பெயர்களில் நிற்கிறார். தமிழறியாத எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. மூன்றும் ஒருவரே என்று நிறுவ, ஒருநாள் சம்பளத்தை இழந்து கிராம சேவகரிடமும், இன்னொரு நாள் சம்பளத்தை இழந்து பிரதேச செயலகத்துக்கும் அவர் நடக்கிறார். இது பண்பாட்டுப் பிரச்சினையா, பொருளாதாரப் பிரச்சினையா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு முக்கியமானது. அடையாளம் நம்மை அயலாரிடமிருந்து பிரிக்கும் என்று அஞ்சுகிறீர்கள். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டியச் சிங்களக் கிராமத்தவர் காடு வெட்டிப் பயிரிட்ட சேனை நிலங்களும் அவர்களின் காடுகளும் கோப்பித் தோட்டங்களுக்குப் போயின. அந்த இழப்பை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்; வைத்திருக்கவும் வேண்டும். அவர்கள் கதையும் நம் கதையும் ஒரே மலையில் நடந்தவை. நம் கதையை நாம் மறைத்துக்கொள்வதால் அவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. இரண்டையும் ஒருசேரச் சொன்னால்தான் இருவரையும் நிலமற்றவர்களாக்கியது யார் என்ற கேள்வி எழும்.

எனினும் பண்பாடு என்ற பேரில் எல்லாவற்றையும் காக்கச் சொல்ல மாட்டேன். தப்பு என்னும் பறையை அடிக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அந்தத் தப்பொலியைக் கேட்டு மெய்சிலிர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் பறிக்கும் கொழுந்தில் நிற்கும் தோட்டங்களில் கோயில் கமிட்டியிலும் தொழிற்சங்கத் தலைமையிலும் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள். மனித உரிமை என்ற அளவுகோலை அரசை நோக்கி நீட்டும் நாம் இவற்றின்மீதும் அதை வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். பண்பாட்டை ஒத்திவைத்தால் இந்தத் திருத்தமும் சேர்ந்தே ஒத்திப்போகும்.

காணிக்கே வருகிறேன். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போன பின்னும், லயம் என்னும் வரிசை வீடுகளையும் கோயிலையும் கூத்து நடக்கும் காமன் பொட்டலையும் தலைமுறைகளாகப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த மண்ணில் உறுதிப்பத்திரம் இல்லை. பொட்டலில் ஒரு தகரக் கொட்டகை போடவும் தோட்ட மேலாளரான துரையின் சம்மதம் வேண்டும். தோட்ட எல்லைக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடையே 2018இல்தான் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. இப்போது தனி வீடுகளுக்குக் காணி அளவை நடக்கும் இடங்களில், வீட்டுத் துண்டுகளோடு கோயிலுக்கும் பொட்டலுக்கும் உரிய நிலத்தையும் பொதுக் காணியாக வரைபடத்தில் குறிக்கச் சொல்லித் தோட்டத்து மக்கள் எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அளவை தொடங்கிவிட்டதா என்று விசாரித்து எழுதுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்