ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்

நீங்கள் சொன்னீர்களே என்று ‘டேக் ஷெல்ட்டர்’ பார்த்தேன், அண்ணாச்சி. உலகம் அழியப்போகிற திரில்லர் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் ஓர் ஆள் வீட்டுப் பின்னால் குழி தோண்டுகிறான். என் தம்பி பாதியிலேயே தூங்கிவிட்டான். இதில் திரில் எங்கே?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

தம்பி தூங்கட்டும், தாயி. நீ கேள்.

நான் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டின ஆபரேட்டர், எனக்குப் படத்தை ரீல் கணக்கில்தான் பார்க்கத் தெரியும். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடம் சொச்சம் வரும். ரீல் முடியப்போகிற நேரம் திரையின் வலது மேல்மூலையில் ஒரு பொட்டு விழும். அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்றுவோம். மாற்றின கையோடு எனக்குள் ஒரு கேள்வி வரும்: இந்த ரீலில் கதாநாயகன் கையை விட்டு என்ன போச்சு? ஒன்றும் போகவில்லை என்றால் அது நின்றுபோன படம். ஏதாவது போயிருந்தால், எவ்வளவு மெதுவாக ஓடினாலும் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது கணக்குப் பார். ஜெஃப் நிக்கோல்ஸ் எடுத்து 2011இல் வந்த படம். கதாநாயகன் கர்ட்டிஸ் அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் தரையில் துளை போடும் வேலை பார்க்கிறவன். கனவில் புயல் வருகிறது, என்ஜின் ஆயில் மாதிரி மழை பெய்கிறது. இன்னொரு கனவில் வீட்டு நாய் கையைக் கடிக்கிறது. விழித்த பிறகும் நாள் முழுக்கக் கை வலிக்கிறது. வீட்டுக்குள் வளர்ந்த நாயை வெளியே வேலி போட்டு அடைக்கிறான். நாய் போச்சு. புயலுக்குப் பதுங்குகிற குழியைப் பெரிதாக்க பேங்கில் கடன் வாங்குகிறான். கடனில்லாத நிம்மதி போச்சு. கம்பெனி இயந்திரத்தைக் கேட்காமல் கொண்டுவந்து தோண்டியதில் வேலையும் போச்சு. வேலையோடு மருத்துவக் காப்பீடு போச்சு. காது கேளாத மகளுக்கு அந்தக் காப்பீட்டில்தான் ஆபரேஷன் செய்வதாக இருந்தது. இவ்வளவு போன பிறகும் அவன் பயந்த புயல் வரவில்லை.

இன்னொன்று. அவன் அம்மாவுக்கு முப்பது சொச்சம் வயதில் மனநோய் வந்தது. இவனுக்கு இப்போது அதே வயது. அதனால் குழி தோண்டிக்கொண்டே லைப்ரரியில் மனநோய்ப் புத்தகமும் எடுத்துப் படிக்கிறான், டாக்டரிடமும் போகிறான். புயலும் வரலாம், நான் பைத்தியமாகவும் இருக்கலாம் என்று இரண்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்கிற ஆளை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கர்ட்டிஸாக நடித்த மைக்கேல் ஷானனின் முகத்தை மட்டும் இன்னொரு தடவை பார். தம்பி எழுந்திரிக்கும் முன்னே பார்த்துவிடு.

செல்போனில் பார்த்தால் போதுமா?
(தென்காசி வாசகர்)

படம் தெரியும். இடி கேட்காது. இந்த மாதிரிப் படத்தில் பாதிக் கதை தூரத்து இடியில் இருக்கிறது. பேரனிடம் நல்ல ஹெட்போன் கேட்டு வாங்குங்கள்.

2023 டிசம்பரில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றதை நாடே பார்த்தது. நாம் பார்க்காத அழிவா? அதை வைத்து இப்படி ஒரு படம் ஏன் வரவில்லை?
(ஸ்ரீவைகுண்டம் வாசகர்)

எடுக்கிறவர்கள் ஹெலிகாப்டரில் ஆரம்பிப்பார்கள், அதுதான் வில்லங்கம். நான் எடுத்தால் ஓர் ஆச்சியில் ஆரம்பிப்பேன்.

நான் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரைச் சிந்துபூந்துறைக்காரன். எதிர்வீட்டு ஆச்சி 1992 வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே கறுத்தால் போதும், உரச்சாக்கை எடுத்துவிடுவாள். ரேஷன் கார்டு, பட்டா, இரண்டு சேலை, பேரனின் மார்க் ஷீட் எல்லாம் உள்ளே போகும். சாக்கு தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, ஏறும். நான்கு நாளில் வெயில் அடிக்கும், சாக்கு இறங்கும். “என்ன ஆச்சி, காசிக்குப் புறப்பட்டாச்சா?” என்று கேட்பதுதான் எங்கள் தெருவுக்கே பொழுதுபோக்கு. அதில் முதல் ஆள் நான்தான்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி ஒன்றாம் தேதி. கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை கேட்காத அளவுக்கு மழை. மத்தியானம் ஆச்சி சாக்கைக் கட்டினாள். நானும் வழக்கம்போலக் காசியைக் கேட்டேன். குறுக்குத்துறையில் முருகனை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றால் ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்று ஆற்றங்கரையில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் மெத்தையில்தான் படுத்திருந்தேன். ராத்திரி கரண்ட் போனது. அப்புறம் வாறுகால் சாக்கடைத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தால் செருப்பு ஒவ்வொன்றாக நடுவீட்டுக்கு மிதந்து வருகிறது.

அந்த ராத்திரியை ஆச்சி வீட்டுத் தட்டட்டியில் தார்ப்பாய்க்குக் கீழேதான் கழித்தோம், நானும் என் வீட்டுக்காரியும். ஆச்சி பிளாஸ்க்கிலிருந்து எனக்கும் காப்பி ஊற்றினாள். காசியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் காப்பி இறங்கியிருக்கும். மறுநாள்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று கேள்விப்பட்டோம்.

படத்துக்கு அந்த ஒரு ராத்திரி போதாது. ஆச்சி சும்மா சாக்குக் கட்டி இறக்கிய முப்பது வருடம்தான் படம். அதற்கு யார் பணம் போடுவார், சொல்லுங்கள்.

‘டேக் ஷெல்ட்டர்’ கடைசிக் காட்சி நிஜமா, கனவா?
(கடையநல்லூர் வாசகர்)

கடைசி ரீலை நான் உடைத்தால் ஆசிரியர் என் பக்கத்தையே நிறுத்திவிடுவார். அதற்கு முந்தின இடத்தைச் சொல்கிறேன். வழக்கமான ஒரு புயலுக்குப் பயந்து குழிக்குள் கர்ட்டிஸ், மனைவி, மகள் மூன்று பேரும் இருக்கிறார்கள். வெளியே புயல் நின்றுவிட்டது என்கிறாள் மனைவி. இவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பூட்டைத் திறக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் நீதான் திறக்க வேண்டும் என்று நிற்கிறாள். மனைவியாக வரும் ஜெசிக்கா சாஸ்டெய்ன் கத்தவில்லை, அழுது புரளவில்லை. எனக்குப் படம் அந்தக் கதவிலேயே முடிந்துவிட்டது. கடலோரத்தில் வருவது நிஜமா இல்லையா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரியும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் காலத்தில் மெதுவான படம் ஓட்டினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?
(திருநெல்வேலி டவுன் வாசகர்)

எங்கே இருப்பார்கள்! முன் பெஞ்சிலிருந்து “ஏ ஆபரேட்டர், தள்ளுவே!” என்று சத்தம் வரும். நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில் முதலாளி மேட்னி முடிந்ததும் மேலே ஏறி வந்தார். கதாநாயகன் சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்தையெல்லாம் வெட்டச் சொன்னார். வெட்டினேன், சம்பளம் வாங்குகிற கை. பர்ஸ்ட் ஷோவில் விசில் பறந்தது. ஆனால் கிளைமாக்ஸில் அவன் அழுதபோது சிரித்துவிட்டார்கள். ஏன் அழுகிறான் என்பது என் காலடியில் கூடைக்குள் சுருண்டு கிடந்தது. ராத்திரி ஆட்டத்துக்கு யாருக்கும் சொல்லாமல் திரும்ப ஒட்டிவிட்டேன். முதலாளி செகண்ட் ஷோ பார்க்கிற வழக்கம் இல்லை.

இதே ஜாதியில் இன்னொரு படம் சொல்லுங்கள், அண்ணாச்சி. கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும்.
(அம்பாசமுத்திரம் வாசகி)

அதே 2011இல் வந்த ‘மெலங்கோலியா’. ஒரு கிரகம் பூமியை முட்ட வருகிறது. முட்டுவதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள், ஆகவே என்ன ஆகுமோ என்று நகம் கடிக்க வேண்டாம். முதல் பாதி முழுக்கக் கல்யாண வீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிற நீளக் கார் குறுகலான வளைவில் திரும்ப மாட்டாமல் படுகிற பாட்டைப் பாருங்கள், திருநெல்வேலி வாகையடி முக்கில் நம் நெல்லையப்பர் தேர் திரும்புகிற ஞாபகம் வரும். சக்கரத்துக்குத் தடி போட ஆள் இல்லாததுதான் குறை. அந்தப் பாளையங்கோட்டைத் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கார் திரும்புகிற வரைக்குமாவது விழித்திருப்பான்.