பெரிய இசைப்பெட்டி இயந்திரம் எங்கே வாங்கலாம்?

தம்பி, சுவிஸில் லொசானுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், தச்சுவேலை தெரியும், அக்காவின் கல்யாணத்துக்குச் செய்யும் மரப்பெட்டிக்குள் வைக்கப் பெரிய இசை இயந்திரம் ஒன்று வேண்டும், தமிழ்ப் பாட்டு வாசித்தால் இன்னும் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். இதற்குச் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். இவர்டோனில் சின்ன ரயில் ஏறினால், ஜூரா மலையில் சாந்த்-குருவா வரும். இசைப்பெட்டிக்குப் பேர்போன ஊர். 1865இல் தொடங்கிய ரூஜ் நிறுவனமும் அந்த ஊருடையதுதான். அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒருதரம் போய்க் காதால் கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த இயந்திரத்தில் உருளை சுற்றும்போது அதிலுள்ள ஊசிகள் உருக்குச் சீப்பின் பற்களைச் சுண்டி வாசிக்கும். பெரியது, சின்னது என்பதெல்லாம் அந்தச் சீப்பில் எத்தனை பல் என்பதைப் பொறுத்தது. பரிசுக்கடைப் பெட்டிகளில் 18 பல். உங்கள் பெட்டிக்கு 50 அல்லது 72 பல் பாருங்கள். அதில் கீழ்ச்சுரப் பற்களுக்கு அடியில் ஈயம் வைத்திருப்பார்கள், அதனால் நாதம் கனக்கும். 72 பல் உருளை பெரும்பாலும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பகுதியை வாசிக்கும்.

புதிதாக வாங்கினால் விலை கூட. சொந்தப் பாட்டு என்றால் உருளையிலேயே புதிதாக ஊசி பதிக்க வேண்டும், கல்யாணச் செலவோடு அதையும் இழுத்துவிடாதீர்கள். புரோக்கி எனும் பழைய பொருள் கடைகளிலும், ரிக்கார்டோ என்ற இணைய ஏலத் தளத்திலும் 'புவாத் ஆ மியூசிக்' (பிரெஞ்சில் இசைப்பெட்டி) என்று தேடுங்கள். பெட்டி உடைந்து, இயந்திரம் நன்றாக இருக்கிறதைப் பிடிக்க வேண்டும். பல் முறிந்திருக்கிறதா, ஊசி வளைந்திருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். வாசிக்கும்போது கீச்சிட்டால், பற்களின் அதிர்வை அடக்கும் பகுதி தேய்ந்திருக்கும். முழுதாக இருக்கும் பழைய பெட்டியை இயந்திரத்துக்காகப் பிரிக்காதீர்கள். தேரை விறகுக்கு உடைக்கிற வேலை அது.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. இயந்திரத்தை ஓட்டும் வில் (ஸ்பிரிங்) முறுக்கி இருக்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் காற்றுவிசிறியைக் கழற்றினால், உருளை கண்மண் தெரியாமல் சுழன்று ஊசி, பல் இரண்டையும் நொறுக்கிவிடும். முதலில் பாட்டை ஓடவிட்டு வில்லைத் தளர்த்துங்கள்.

தமிழ்ப் பாட்டுத்தான் வேண்டும் என்றால், காகிதத்தில் துளை போட்டு கைப்பிடியால் சுற்றும் இயந்திரம் இருக்கிறது. விலை மலிவு, சத்தம் சின்னது. 15 பல் உள்ளதில் மேற்கத்திய மேஜர் சுரங்கள் மட்டும்தான். சங்கராபரணம், மோகனம் வரும். ஆதார சட்ஜத்தை மாற்றி வைத்தால் கல்யாணி, கரகரப்பிரியாவும் வரும். மாயாமாளவகௌளை வராது. கமகத்தை எதிலும் எதிர்பார்க்காதீர்கள், ஒரு பல்லுக்கு ஒரு சுரம்தான். 30 பல் வாங்கினால் இடைச்சுரங்களும் ஓரளவு கிடைக்கும். ஒரே சுரத்துக்கு மிக நெருக்கமாகத் துளை போட்டால் இரண்டாவது கேட்காது.

என்னைக் கேட்டால் பழைய 50 பல் இயந்திரத்தை வாங்குங்கள், எந்தப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதை மெல்லிய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) பலகையில் நேராகத் திருகுங்கள், இடையில் துணியோ ரப்பரோ வேண்டாம். இந்த வோ மாநிலத்து ரிசூ காட்டு ஸ்ப்ரூஸைத்தான் கிற்றார் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். மரக்கடையில் கேட்டுப் பாருங்கள்.