வாட்ச் எண்றது காலையா, கையையா?

கேள்வி: எங்கம்மாவுக்கு 70 வயசு தாண்டிருச்சுங்க. சுகர் இருக்குது, நடக்கட்டும்னு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். தெனமும் வெடியால வாய்க்கா மேட்டுல குச்சி ஊணிட்டு ஒரு நடை போயிட்டுத்தான் வர்றாங்க, ஆனா வாட்ச்ல சில நூறு ஸ்டெப்ஸ்தான் காட்டுது. நடக்காமயே நடந்தேன்னு சொல்றாங்களோன்னு வீட்ல ஒரே பேச்சு. வாட்ச் தப்பா காட்டுமாங்க?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: காட்டும்ங்க. மொதல்ல அம்மாவ சந்தேகப்படறத நிறுத்துங்க, பெரியவங்க மனசு நொந்துபோயிரும். கையில கட்டுன வாட்சுக்கு கால் இருக்கறதே தெரியாது. உள்ள ஆக்சிலரோமீட்டர்னு குட்டியா ஒரு சென்சார், மணிக்கட்டு எந்தப் பக்கம் எவ்வளவு வெடுக்குனு அசையுதுன்னு செகண்டுக்குப் பல தடவ அளந்துட்டே இருக்கும், சாதாரணமா நடக்கறப்ப அந்த ஆட்டம் செகண்டுக்கு ஏறத்தாழ ரெண்டுன்னு ஒரே தாளத்துல வரும், அந்தத் தாளம் பிடிபட்டா ஸ்டெப்னு சேத்துக்கும், இல்லைனா சும்மா கைய அசைக்கறாங்கன்னு தள்ளிவிட்டுரும். உங்கம்மா மெதுவா நடக்கறாங்க, நடுவுல நின்னுக்குவாங்க, ஒரு கை வேற குச்சியில இருக்குது, அப்பறம் எப்படிங்க பிடிபடும்? நடை மெதுவாக மெதுவாக எண்ணாம விட்டுப்போறது கூடும், விலை ஒசந்த வாட்ச்லயும் இது உண்டு. இதுபோக தொடர்ச்சியா சில அடி வெச்சாத்தான் எண்ணவே ஆரம்பிக்கற வாட்சும் நெறைய, அதனால வீட்டுக்குள்ள அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடக்கறதெல்லாம் கணக்குலயே வராம போயிரும்.

குச்சி பிடிக்காத கையில கட்டிப் பாருங்க, லூசா தொங்கக்கூடாது. ஒரு நாள் அவங்க கூடவே, அவங்க வேகத்துலயே நடந்து நீங்களே நூறு அடி எண்ணுங்க. ஆரம்பிக்கறப்பவும் முடிக்கறப்பவும் வாட்ச் நம்பர குறிச்சுக்குங்க, சிலது லேட்டாத்தான் நம்பர மாத்தும், அதனால நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க. நூறுக்கு நாப்பது அம்பதுன்னு காட்டுனா அந்த வாட்ச் அவங்களுக்கு ஒத்துவராது. இடுப்புலயோ கணுக்கால்லயோ மாட்டற கருவி மெதுவா நடக்கறவங்களுக்கு இன்னும் சரியா எண்ணும்.

அப்பறம் தெனம் பத்தாயிரம் அடி நடக்கணும்னு எல்லாரும் சொல்ற அந்த நம்பர். அது டாக்டருங்க உக்காந்து கணக்குப் போட்டு சொன்னதில்லைங்க, 1965ல ஜப்பான்ல யமாசாங்கற கம்பெனி இடுப்புல மாட்டற மீட்டர் ஒண்ண அந்த நம்பர பேர்லயே வெச்சு வித்துச்சு, அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவுச்சு. 2019ல ஐ-மின் லீங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழு சராசரியா 72 வயசு பொம்பளைங்கள வெச்சுப் பாத்ததுல, தெனம் 2,700 அடி நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்ககிட்ட எறப்பு தெளிவாவே கொறஞ்சிருந்துச்சு, 7,500க்கு மேல போயும் பெருசா வித்தியாசம் இல்ல. அதுவும் இடுப்புல கட்டி எடுத்த கணக்கு. அதனால அம்மாவுக்கு பத்தாயிரம்னு டார்கெட் வெக்காதீங்க. எவ்வளவு நேரம் நடந்தாங்கன்னு பாருங்க, அது போதும்.

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். நின்ன எடத்துலதான் வேலை, ஷிப்ட் முடியறப்ப பாத்தா வாட்ச் ஆயிரக்கணக்குல காட்டுது. அதான் பொழுதோட வாக்கிங் போறத விட்டுட்டேன், சரிதானுங்களா?
- வாசகி, திருப்பூர்

பதில்: விட்ராதீங்க அம்மிணி. பீஸ எடுத்து விரிச்சு திருப்பிப் போடறது நாள் பூரா ஒரே தாளத்துல நடக்குதுல்ல, அத வாட்ச் நடையின்னு நெனச்சுக்குது. தறி ஓட்டறவங்களுக்கும் மாவு பெசையறவங்களுக்கும் இதே கதைதான். கை ஒழைப்பும் ஒழைப்புதான், இல்லைன்னு சொல்லல, ஆனா நடந்த நடை ஆகாது. ஷிப்ட் நேரத்துல கழட்டி வெச்சுட்டு பொழுதோட கட்டிட்டு நடங்க, இல்லைனா வாக்கிங் மோட் போட்டு அந்த நேரத்துக் கணக்க மட்டும் பாருங்க.

கேள்வி: பைக்ல போனாலும் ஸ்டெப்ஸ் ஏறுதே?
- வாசகர், பெருந்துறை

பதில்: ரோடு குண்டும் குழியுமா இருந்தா ஹேண்டில் அதிர்வுல கொஞ்சம் ஏறும். தார் ரோட்டுல அவ்வளவா ஏறாது.

கேள்வி: சென்னிமலைக்கு 1320 படின்னு சொல்றாங்க. கைப்பிடியப் பிடிச்சுட்டு ஏறுனேன், வாட்ச்ல அந்தக் கணக்கு வரவே இல்ல. எது தப்பு?
- வாசகர், ஈரோடு

பதில்: ரெண்டும் தப்பில்லைங்க. படிக்குப் படி நடுவுல சமதளம் வர்ற எடத்துல ரெண்டு மூணு அடி கூட வெப்பீங்க, அது வாட்ச் கணக்க ஏத்தும். கைப்பிடியப் பிடிச்ச கையிலயே வாட்ச் இருந்தா கை ஆடாது, அது கொறைக்கும். மூச்சு வாங்கி நின்னு மறுபடி ஏறறப்ப மொத சில அடி விட்டுப்போகும். அதனால படிய எண்றதுக்கு அந்த நம்பர் ஆகாது. ஏறுன உயரம் தெரியணும்னா காத்தழுத்தத்த அளக்கற பாரோமீட்டர் இருக்கற மாடல் வேணும், அது ஏறத்தாழ 3 மீட்டர் ஏறுனா ஒரு மாடின்னு கணக்கு வெச்சுக்கும். அடுத்த தடவ போறப்ப வாட்ச எந்தக் கைக்கு மாத்தணும்னு மட்டும் கெளம்பறப்பவே பாத்துக்குங்க.