குறுகிய ரயில் பாதையில் பெட்ரோல் டேங்கர்களை ஓட்டுவது ஆபத்தில்லையா?

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரேக், ஏற்ற இறக்கம், பாதை தாங்கும் எடை, இவைதான் கவனிக்க வேண்டியவை.

ஜப்பானில் புல்லட் ரயில் நீங்கலாகப் பெரும்பாலான பாதைகளின் அகலம் 1067 மி.மீ. நம்ம ஊர் பழைய மீட்டர் கேஜை விட 67 மி.மீ.தான் கூடுதல். அதில்தான் இன்றும் பெட்ரோல் ரயில்கள் ஓடுகின்றன. அங்குள்ள 'தாகி 1000' டேங்கர் வேகன் 45 டன் ஏற்றிக்கொண்டு மணிக்கு 95 கி.மீ. வரை போகும்.

ரயில் பைத்தியமான எனக்குப் பிடித்த உதாரணம் 2011-இல் நடந்தது. மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் வடகிழக்கே செண்டாய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடித்தது, வடக்கே போகும் பிரதான ரயில் பாதையும் துண்டானது. குளிர் இன்னும் விடவில்லை. வண்டிக்குப் பெட்ரோலும் இல்லை, வீட்டு அடுப்புக்கு மண்ணெண்ணெயும் இல்லை. யோகோஹாமா பக்கத்து நெகிஷியிலிருந்து நாட்டின் எதிர்ப்பக்கமான மேற்குக் கடற்கரை வழியாக நீகாதா, அகிதா, அவோமோரி என்று சுற்றி வடகிழக்கில் உள்ள மோரியோகாவுக்கு எண்ணெய் ரயில் விட்டார்கள்.

செண்டாய்க்குத் தெற்கே உள்ள கோரியாமாவுக்குப் போன எண்ணெய் ரயில் பட்ட பாடு தனி. நீகாதா பக்கமிருந்து மலைக்குள் நுழையும் பான்எட்சு மேற்குப் பாதையில் பாதி தூரத்துக்கு மின்கம்பியே கிடையாது, சில இடங்களில் 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். தாகி 1000-இன் எடையை அந்தப் பாதை தாங்காது என்பதால் எடை குறைந்த 'தாகி 38000' வேகன்கள், அதுவும் பத்தே பத்து. முன்னால் இழுக்க, வேறு பகுதிகளிலிருந்து வரவழைத்த டிடி51 டீசல் எஞ்சின்கள் இரண்டு. அப்படியும் முதல் ரயில் பனியில் சக்கரம் வழுக்கி ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. டிஇ10 எஞ்சின் ஒன்று பின்னாலிருந்து தள்ளித்தான் ஏற்றிவிட்டது. அகலப் பாதையாக இருந்தாலும் அந்தப் பனியில் சக்கரம் வழுக்கத்தான் செய்திருக்கும்.

குறுகிய பாதையில் விபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 1967 ஆகஸ்டில் டோக்கியோ ஷின்ஜுகு நிலையத்தில் அமெரிக்க ராணுவ விமான எரிபொருள் ரயில் பற்றி எரிந்தது. காரணம், இன்னொரு சரக்கு ரயில் சிவப்பு சிக்னலுக்கு நேரத்தில் பிரேக் போடாமல் வந்து மோதியது. 2013-இல் கனடாவின் லாக்-மெகான்டிக்கில் 47 பேரைக் கொன்ற எண்ணெய் ரயில் ஓடியதோ 1435 மி.மீ. பாதையில். சரிவில் நிறுத்திய ரயிலுக்குக் கை பிரேக் போதுமான அளவு போடவில்லை, தானாக உருண்டு ஊருக்குள் வந்துவிட்டது.

நீங்கள் கேட்பது டார்ஜிலிங் மாதிரி 610 மி.மீ. பாதை என்றால் என் பதில் மாறும். அங்கே டேங்கைச் சிறிதாக்கி, தாழ்வாக வைத்து, ஊர்ந்துதான் போக வேண்டும். அதற்கு லாரியே கட்டுப்படியாகும்.