பாரிஸ் மெற்றோவில் பேர்ஸ் போனது: யாரிடம் சொல்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். பாரிஸில் மகள் குடும்பத்தோடு நின்றுவிட்டுப் போன கிழமைதான் வந்தேன். புறப்பட முதல்நாள் கார் து நோர் நிலையத்தில் மெற்றோ ஏறும்போது கைப்பைக்குள் இருந்த பேர்ஸைக் களவெடுத்துவிட்டார்கள். 300 யூரோ, வங்கி அட்டை, அடையாள அட்டை எல்லாம் அதற்குள். "கவனமாய் இருங்கோ மாமி" என்று மருமகன் ஒவ்வொரு நாளும் சொன்னவர். வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. இரகசிய இலக்கம் தெரியாமல் அட்டையை வைத்து என்ன செய்வார்கள் என்று மனதைத் தேற்றுகிறேன். ஆனாலும் நித்திரை இல்லை. அடுத்த வருடமும் வரச் சொல்கிறார்கள். போகப் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள ரீச்சர், மற்றதெல்லாம் பிறகு. இதை வாசித்த கையோடு வங்கிக்கு அழைத்து அந்த அட்டையை நிறுத்துங்கள். இரகசிய இலக்கம் இல்லாமலே அதைப் பாவிக்கலாம். பிரான்ஸில் கடை மெஷினில் அட்டையைத் தொட்டாலே, ஒரு தடவைக்கு 50 யூரோ வரை காசு போய்விடும். இணையத்தில் பொருள் வாங்குவதற்குப் பல இடங்களில் அட்டையில் அச்சடித்த எண்களே போதும். நிறுத்திய பிறகு கணக்கு விபரத்தை எடுத்து, பேர்ஸ் போன நாளிலிருந்து வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் செய்யாத செலவு இருந்தால் அன்றே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஓய்வூதியம் விழும் கணக்கு என்றால் ஒரு நாளும் பிந்தவேண்டாம்.

அப்புறம் இந்த வெட்கம். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா நெரிசலில் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்த தலைமுறை உங்களுடையது. கவனம் இல்லாதவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. அங்கே நடப்பது வேறு. கதவு மூடப்போகிற சத்தம் கேட்கும் நேரம் பார்த்து, முன்னால் ஏறுகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பின்னால் ஒருவர் அவசரப்படுகிற மாதிரி உங்களைத் தள்ளுவார். முன்னுக்கும் பின்னுக்கும் ஆள், நீங்கள் விழாமல் கம்பியைப் பிடிக்கத்தான் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் மூன்றாவது ஆளின் கை, மடித்துப் போட்ட ஜக்கெட்டுக்குக் கீழே, உங்கள் பைக்குள் போய்விடும். எடுத்த பேர்ஸ் உடனே இன்னொருவரிடம் மாறும். கதவு மூடுமுன் அவர் இறங்கிவிடுவார். நீங்கள் சந்தேகப்பட்டு ஒருவரைப் பிடித்தாலும் அவர் கையில் ஒன்றும் இருக்காது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அவர்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியக ஊழியர்களே 2013 ஏப்ரலில் இவர்களின் தொல்லை தாங்காமல் ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். அருங்காட்சியகம் அன்று திறக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களே அப்படித் திண்டாடும்போது நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

அடையாள அட்டைக்கு உங்கள் பகுதிப் பொலிஸில் தொலைந்ததாக முறைப்பாடு பதிந்து, பிரதியைக் கையில் எடுங்கள். அதோடு கிராம அலுவலரிடம் போனால் விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்துவார். பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். அலைச்சல்தான், ஆனால் முடிகிற வேலை. கடவுச்சீட்டு தப்பியது பெரிய நிம்மதி. அதுவும் போயிருந்தால் அங்கே பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, இலங்கைத் தூதரகத்தில் தற்காலிகப் பயணப் பத்திரம் எடுக்கும்வரை விமானம் ஏறியிருக்க முடியாது.

அடுத்த வருடம் கட்டாயம் போங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதை ஒரு திருடனுக்காக விடுவதா? எங்கள் அடையாள அட்டைக்கு அங்கே வேலை இல்லை, அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அன்றைய செலவுக்கான காசை மட்டும் எடுத்து, குறுக்கே மாட்டும் சிப் வைத்த பையை வயிற்றுப் பக்கமாகப் போடுங்கள். வாசலோரம் நிற்காமல் பெட்டிக்குள் தள்ளிப் போங்கள். வங்கியின் அவசர இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கும், அட்டையோடு அதுவும் போய்விடும்; அதனால் ஒரு கொப்பியில் எழுதி மகளிடம் கொடுத்து வையுங்கள்.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ரீச்சர். நீங்கள் அன்றே சொல்லியிருந்தால் மருமகனே அட்டையை நிறுத்த உதவியிருப்பார், அங்கேயே பொலிஸுக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் சொன்ன "கவனம்" உங்கள் மேலுள்ள அக்கறையில் வந்தது. கொஞ்சம் கோபப்படுவார், சரி, படட்டும். அவர்களும் அதே மெற்றோவில்தான் பிள்ளைகளோடு ஏறி இறங்குகிறார்கள். எந்த நிலையத்தில், எப்படி எடுத்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும்.