வாசகர் கேட்டவை: சென்னையிலிருந்து ஒரு நாள் பயணம்

கேள்வி: விடுமுறைக்குச் சென்னை வந்திருக்கிறோம். காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் காரில் ஒரே நாளில் பார்க்க முடியுமா? 70 வயது அம்மாவும் வருகிறார்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். ஆனால் காஞ்சிபுரம்தான் முதலில். மாமல்லபுரத்தை முடித்துவிட்டுக் காஞ்சிக்குப் போகிறவர்கள் நண்பகலில் சாத்திய கதவின் முன்னால்தான் நிற்பார்கள். அங்கே பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். கைலாசநாதர் கோயிலுக்கு முதலில் போய்விடுங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலோடு பிராகாரம் சுற்ற முடியாது. சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளுக்குள் குனிந்து பாருங்கள், பழைய ஓவியத்தின் செம்மண் நிறம் இன்னும் ஒட்டியிருக்கும். கருவறையைச் சுற்றும் குறுகிய வழியில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டுச் செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் வந்தால் மூன்று மணிக்குள் சேரலாம். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள், ஆகவே அவை முதலில். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, தொலைத்துவிடாதீர்கள். அர்ஜுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறைச் சிற்பம். மாலையில் நிழல் விழுந்திருப்பதால் அம்மா நிதானமாகப் பார்க்கலாம். பெரிய யானைக்குக் கீழே, முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் தவற விடாதீர்கள். படம் எடுப்பதுதான் நோக்கம் என்றால் இந்தத் திட்டம் ஒத்துவராது. பாறையில் வெளிச்சம் விழுவது காலையில்தான்.

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளை வேடந்தாங்கல் அழைத்துப் போகலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஏரி நிறைவது வடகிழக்குப் பருவமழையில். நீருக்குள் நிற்கும் மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டும், ஏனென்றால் சுற்றியுள்ள தண்ணீரே கூட்டுக்குக் காவல். தண்ணீர் வற்றும்போது பறவைகளும் கிளம்பிவிடும். மழை பொய்த்த ஆண்டில் குளிர்காலத்திலும் கூட்டம் குறைவுதான். டிசம்பர், ஜனவரியில் மாலை 4 மணிக்கு அங்கே இருங்கள். மேய்ச்சலுக்குப் போன நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் அணி அணியாகத் திரும்பி இறங்கும். பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். பளிச்சென்ற சட்டையும் வேண்டாம்.

கோடைக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணையும், தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் போதும். ஒரே சாலைதான். பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

கேள்வி: மாமல்லபுரம் கடலில் குளிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. திரும்பிப்போகும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டே ஆளை உள்ளே இழுக்கும். முழங்காலளவு தண்ணீரில் நின்றாலும் நிலை தடுமாறும், நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார். பிள்ளைகளின் கையை விடாமல், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.